ஆற்றின் நடுவிலிருந்து எடுத்த கற்கள்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடி மலைக்குச் செல்லும் சாலையில், ஏற்றம் தொடங்கும் இடத்தில் கல்லாறு என்னும் சிற்றூர் இருக்கிறது. ஊருக்குப் பெயர் கொடுத்தது அங்கே ஓடும் ஆறு. ஆற்றுக்குப் பெயர் கொடுத்தவை அதன் படுகையெங்கும் கிடக்கும் கற்கள். வாமனபுரம் ஆற்றோடு சேரும் இந்த நீரோட்டத்தில் சிறிதும் பெரிதுமான பாறைகள் உருண்டு திரண்டு கிடக்கின்றன. மேலே உள்ள மலையிலிருந்து முறிந்து விழுந்த நாளில் அவை கூரிய முனைகளோடு இருந்தன. தண்ணீர் நெடுங்காலம் அவற்றின்மேல் ஓடி, முனைகளைத் தேய்த்து, இன்றைய வழுவழுப்பைத் தந்தது. எந்தக் கல்லும் தன் வடிவத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளவில்லை.

வேதாகமத்திலும் ஆற்றுக் கற்களைப் பற்றிய ஒரு நிகழ்ச்சி உண்டு. இஸ்ரவேலர் யோர்தானைக் கடந்தபோது, கோத்திரத்துக்கு ஒருவராகப் பன்னிரண்டு பேர், ஆசாரியர்களின் கால்கள் நின்ற இடத்திலிருந்து ஆளுக்கொரு கல்லைத் தோளில் சுமந்து வந்தார்கள். யோசுவா அவற்றைக் கில்காலில் நாட்டினான். பின்வரும் நாட்களில் பிள்ளைகள் இந்தக் கற்கள் எதற்கென்று கேட்கும்போது தகப்பன்மார் நடந்ததைச் சொல்லவேண்டும் என்பது கட்டளை (யோசுவா 4). உலகத்து அரசர்கள் வெற்றித் தூண்களை நாட்டி அவற்றில் தங்கள் பெயர்களைப் பொறித்தார்கள். கில்காலின் கற்களிலோ ஒருவருடைய பெயரும் பொறிக்கப்பட்டதாக வேதம் சொல்லவில்லை. கடக்கமுடியாத ஆற்றங்கரையில் நின்ற ஒரு ஜனத்துக்கு வழி திறக்கப்பட்டது என்பதையே அவை அறிவித்தன.

கடந்தகாலத்தை நினைவுகூருதல் கிறிஸ்தவ வாழ்க்கையில் ஏன் இவ்வளவு முக்கியமான இடத்தைப் பெறுகிறது? அது மனிதனைத் தாழ்மையுள்ளவனாக்குவது எப்படி? அதே நினைவு சிலரைப் பெருமைக்கும் வேறு சிலரைக் கசப்புக்கும் ஏன் நடத்துகிறது?

தேவன் நினையாததை மனிதன் ஏன் நினைக்கவேண்டும்?

முதலில் ஒரு தடை எழும்புகிறது. ஜனத்தின் பாவங்களை இனி நினைப்பதில்லை என்று கர்த்தர் வாக்களித்திருக்கிறார் (ஏசாயா 43:25, எரேமியா 31:34). தேவனே நினையாததை மனிதன் கிளறுவது அவிசுவாசம் ஆகாதா? பவுலும் பின்னானவைகளை மறந்து முன்னானவைகளை நாடுவதாகப் பிலிப்பியருக்கு எழுதியிருக்கிறாரே (பிலி. 3:13)?

தேவன் நினையாதிருப்பது என்பது, அந்தப் பாவத்தை மனிதனுக்கு விரோதமாக இனிக் கணக்கில் வைக்காதிருப்பதாகும். சர்வ ஞானமுள்ளவருக்கு ஞாபகக்குறைவு நேர்வதில்லை; அவர் வழக்கைத் தள்ளுபடி செய்கிறார். ஆனால் விடுதலை பெற்றவன், தான் குற்றவாளிக் கூண்டில் நின்றதையே மறந்துவிட்டால், தனக்குக் கிடைத்தது இன்னதென்று அறியாதவனாகிறான். பத்து ரூபாய்க் கடன் தீர்ந்தவனும் பத்து லட்ச ரூபாய்க் கடன் மன்னிக்கப்பட்டவனும் ஒரே அளவில் நன்றி சொல்லமாட்டார்கள். கடனின் அளவை அறியாதவனுக்கு மன்னிப்பின் அளவும் தெரியாது. தன் பழைய பாவங்களறச் சுத்திகரிக்கப்பட்டதை மறந்தவன் தூரத்தில் உள்ளதைக் காணமுடியாத குருடன் என்று பேதுரு எழுதுகிறார் (2 பேதுரு 1:9). கடந்ததை மறப்பவனுக்கு எதிரில் உள்ளதும் தெளிவாகத் தெரியாது என்பது ஆழ்ந்த உண்மை.

பவுல் மறந்தவை எவை என்பதை அந்த அதிகாரமே காட்டுகிறது. தன் குலம், தன் கல்வி, நியாயப்பிரமாணத்தில் தனக்கிருந்த வைராக்கியம் ஆகிய தன் மேன்மைகளையே அவர் நஷ்டமென்று எண்ணினார். இதுவரை ஓடிய ஓட்டத்தையும் பெருமைக்குரியதாக அவர் எண்ணவில்லை. தான் சபையைத் துன்பப்படுத்தியதையோ அவர் ஒருபோதும் மறைத்ததில்லை. கொரிந்தியருக்கு எழுதும்போது அப்போஸ்தலரில் தான் சிறியவன் என்றார் (1 கொரி. 15:9). எபேசியருக்கு எழுதும்போது பரிசுத்தவான்கள் எல்லாரிலும் சிறியவன் என்றார் (எபே. 3:8). தீமோத்தேயுவுக்கு எழுதும்போது பாவிகளில் பிரதானமானவன் என்றார் (1 தீமோ. 1:15). ஊழியம் பெருகப் பெருக அவர் தம்மைக் கண்ட இடம் தாழ்ந்துகொண்டே வந்தது. மனிதர் பொதுவாக நினைக்கவேண்டியதை மறந்து, மறக்கவேண்டியதை நினைக்கிறார்கள். தங்கள் சாதனைகளுக்கு நாட்குறிப்பு வைக்கிறார்கள். தாங்கள் தூக்கியெடுக்கப்பட்ட குழியை மண்ணிட்டு மூடிவிடுகிறார்கள்.

வீடு கட்டி முடித்த பிறகு வரும் ஆபத்து

உபாகமத்தின் எட்டாம் அதிகாரம் இந்த ஆபத்து எப்போது வரும் என்பதைத் துல்லியமாகச் சொல்லுகிறது. வனாந்தரத்தில் மன்னாவுக்காகக் காத்திருந்தவனுக்கு மறதி வருவது அரிது. நல்ல வீடுகளைக் கட்டிக் குடியேறி, ஆடுமாடுகள் பெருகி, வெள்ளியும் பொன்னும் சேர்ந்த பிறகே இருதயம் மேட்டிமை கொள்ளும். தன் கையின் பலமே இவற்றைச் சம்பாதித்தது என்று அப்போது சொல்லும். இதற்கு மாற்றாகவே முதற்கனிகளைக் கொண்டுவரும் இஸ்ரவேலன், நிறைந்த கூடையை ஆசாரியன் கையில் கொடுத்து, தன் முற்பிதா நிலையற்று அலைந்த ஒரு சீரியன் என்று அறிக்கை செய்யவேண்டியிருந்தது (உபா. 26). பஸ்கா பந்தியில் கசப்பான கீரையும் இடம்பெற்றது.

தான் பெற்றுக்கொள்ளாதது எது என்று பவுல் கொரிந்தியரைக் கேட்டதும் இதே கருத்தில்தான் (1 கொரி. 4:7). தாழ்மை என்பது தன்னைத் தகுதியற்றவன் என்று வாயினால் சொல்லிக்கொள்வதன்று. தன்னிடம் உள்ளது எந்தக் கையிலிருந்து வந்தது என்பதை உண்மையாக அறிந்திருப்பதே தாழ்மை. கல்லாற்றின் காட்டுக் குடியிருப்பில் வாழ்ந்து, 2018ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்ற லட்சுமிக்குட்டி அம்மாள், காணி பழங்குடியைச் சேர்ந்த நாட்டு வைத்தியர். ஏறக்குறைய 500 மூலிகை மருந்துகளை ஏட்டைப் பாராமல் நினைவிலிருந்தே செய்யக்கூடியவர் என்று அறியப்பட்டவர். அந்த அறிவு அவருக்குத் தம் தாயிடமிருந்து வந்தது. ஞாபகத்தில் வைத்துக் காக்கப்படும் அறிவுக்கு ஒரு தன்மை உண்டு: இது எனக்கு ஒருவர் கொடுத்தது என்பதை விட்டுவிட்டு அதை ஞாபகம் வைக்கமுடியாது. விசுவாசமும் அவ்விதமாகவே தலைமுறையிலிருந்து தலைமுறைக்கு வருகிறது.

நாற்பது ஆண்டுகளில் முழுமையான ஒரு நினைவு

நினைவுகூருதல் ஒரே நாளில் நிறைவு பெறுவதில்லை என்பதற்கு ஜான் நியூட்டனின் வாழ்க்கை சாட்சி. 1725இல் லண்டனில் பிறந்த அவர் ஏழு வயது நிறையுமுன் தாயை இழந்தார். கடற்படையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டு, பின்பு மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் ஓர் அடிமை வியாபாரியிடம் வேலைக்காரனாக இருந்து, பசியும் நோயும் அவமானமும் அனுபவித்தார். 1748 மார்ச்சில் நடுக்கடலில் ஒரு புயலில் அகப்பட்டபோது தேவனை நோக்கிக் கூப்பிட்டார். அந்த நாளை அவர் ஆண்டுதோறும் நினைவுகூர்ந்து ஜெபத்தில் கழித்தார்.

ஆனால் அந்த மனந்திரும்புதலுக்குப் பிறகும் 1754 வரை அவர் அடிமைக் கப்பல்களில் மாலுமியாகவும் தலைவராகவும் பயணம் செய்தார். மேல்தளத்தில் அவர் ஜெபம் செய்தார். கீழ்த்தளத்தில் மனிதர் விலங்கிடப்பட்டுக் கிடந்தார்கள். 1764இல் வெளியான அவருடைய வாழ்க்கைச் சரிதையில் தன் தேவதூஷணங்களையும் ஒழுக்கக்கேட்டையும் விரிவாக அறிக்கையிட்டார்; கப்பலின் அடித்தளத்தில் இருந்தவர்களுக்காக அவர் அடைந்த வேதனை அங்கே மிகக் குறைவு. அவருடைய நினைவில் அவரும் தேவனும் இருந்தார்கள். அவரால் துன்புற்ற அயலான் இன்னும் உள்ளே வரவில்லை.

ஓல்னி ஊரில் போதகராக இருந்தபோது, தன் படிப்பறையின் சுவரில், எகிப்தில் அடிமையாயிருந்ததையும் கர்த்தர் மீட்டுக்கொண்டதையும் நினைக்கக் கட்டளையிடும் உபாகமம் 15:15ஐ அவர் எழுதி வைத்திருந்தார். அந்த வசனம் அடிமையை வெறுங்கையோடு அனுப்பாமல் தாராளமாகக் கொடுத்து விடுதலை செய்யவேண்டும் என்னும் கட்டளையின் நடுவில் நிற்கிறது. அந்தச் சூழலின் முழுப் பொருளும் அவருடைய வாழ்க்கையில் வெளிப்பட ஆண்டுகள் சென்றன. 1788இல், தமது அறுபத்திரண்டாம் வயதில், அடிமை வியாபாரத்தைக் கண்டித்து ஒரு நூல் வெளியிட்டார். அது மிகவும் தாமதமாக வந்த அறிக்கை என்பதை அவரே ஒப்புக்கொண்டார். அரசாங்க விசாரணையில், தான் கண்டதையும் செய்ததையும் மறைக்காமல் சாட்சியாகச் சொன்னார். பிரிட்டிஷ் பாராளுமன்றம் அந்த வியாபாரத்தைத் தடை செய்த 1807ஆம் ஆண்டின் டிசம்பரில் அவர் காலமானார். தம் கல்லறைக்கென்று அவரே எழுதி வைத்த வாசகத்தில் தாம் பெற்ற புகழ் ஒன்றையும் சொல்லவில்லை; ஒரு காலத்தில் அவிசுவாசியாகவும் ஆப்பிரிக்காவில் அடிமைகளின் வேலைக்காரனாகவும் இருந்ததையே முதலில் குறிப்பிட்டார்.

மெய்யான நினைவின் அளவுகோல் இங்கே தெரிகிறது. தான் எவ்வளவு கெட்டவனாயிருந்தேன் என்பதை மட்டும் நினைப்பவன் இன்னும் தன்னையே மையமாக வைத்திருக்கிறான். தன்னால் யார் காயப்பட்டார்கள் என்பதும் நினைவுக்கு வரும்போதே அது மனந்திரும்புதலின் கனியைத் தரும்.

தென் திருவிதாங்கூர் மண்ணின் நினைவு

நியூட்டன் லண்டனில் முதியவராக இருந்த அதே ஆண்டுகளில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள மயிலாடியில் ஒரு சபை உருவாகிக்கொண்டிருந்தது. ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த மகாராசன் என்பவர் சிதம்பரத்துக்கு யாத்திரை சென்று, மனச்சமாதானம் காணாமல் திரும்பும் வழியில், தஞ்சாவூரில் சுவிசேஷத்தைக் கேட்டார். ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார். அவருடைய அழைப்பே லண்டன் மிஷனெரி சங்கத்தைச் சேர்ந்த ரிங்கல்தௌபேயை 1806இல் திருவிதாங்கூருக்குக் கொண்டுவந்தது. 1809இல் மயிலாடியில் ஆலயம் எழும்பியது. 1816இல் ரிங்கல்தௌபே நாட்டைவிட்டுச் சென்றபோது சபையின் பொறுப்பு வேதமாணிக்கத்தின் கையில் இருந்தது.

அன்றைய திருவிதாங்கூரில் அடிமைத்தனம் சட்டப்படி நிலவியது. 1836ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் ஏறக்குறைய 12,80,000 மக்களில் 1,64,000 பேருக்கு மேற்பட்டோர் அடிமைகளாகக் கணக்கிடப்பட்டார்கள். எட்டுப் பேரில் ஒருவர் என்று சொல்லலாம். அவர்கள் வயலோடு சேர்த்து விற்கப்பட்டார்கள். 1847இல் மிஷனெரிகள் மகாராஜாவிடம் விண்ணப்பம் கொடுத்தார்கள். 1853இல் ஓர் அறிவிப்பும், 1855 ஜூன் 24 அன்று அடிமைத்தனத்தை ஒழிக்கும் பிரகடனமும் வெளிவந்தன. சட்டப்படி அடிமைகளல்லாத பிற தாழ்த்தப்பட்ட குலத்தாரும் தலைவரியும் கூலியில்லாக் கட்டாய வேலையும் சுமந்தார்கள். அந்தக் குலப் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக நடந்த போராட்டத்தில் 1858, 1859ஆம் ஆண்டுகளில் வீடுகளும் ஆலயங்களும் தாக்கப்பட்டன. 1859 ஜூலை 26 அன்று வந்த பிரகடனம்கூட, உயர்குலப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடே அந்த உரிமையைக் கொடுத்தது.

அந்தக் கூலியில்லாக் கட்டாய வேலைக்கு மக்கள் வழங்கிய பெயர் கவனிக்கத்தக்கது. அதன் பெயர் ஊழியம். அரசாங்கத்துக்கும் கோயில்களுக்கும் எந்நேரமும் அழைத்தபடி சென்று செய்யவேண்டிய வேலை அது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஊழியத்திலிருந்து கிறிஸ்தவர்களுக்கு விலக்குப் பெற்றதே ஆரம்ப காலத்து மிஷனெரிகளின் பெரிய முயற்சிகளில் ஒன்று. இன்று தமிழ்ச் சபைகளில் ஊழியம் என்ற சொல்லைக் கேட்டால் மேடையும் மாலையும் ஒலிபெருக்கியும் கண்முன் வருகின்றன. ஊழியக்காரர் என்பது மரியாதைக்குரிய பட்டமாகிவிட்டது. பாட்டன்மாரின் முதுகில் சுமையாக இருந்த சொல், பேரப்பிள்ளைகளின் பெயருக்கு முன்னால் அலங்காரமாக நிற்கிறது. இதில் கிருபையின் அற்புதமும் இருக்கிறது, மறதியின் ஆபத்தும் இருக்கிறது. அச்சொல்லை உச்சரிக்கும்போதெல்லாம் அதன் பழைய பொருளும் காதில் விழுமானால், அதைப் பட்டமாக அணிய எவருக்கும் துணிவு வராது. சீஷர்களின் கால்களைக் கழுவிய கர்த்தர் அந்தச் சொல்லை அதன் தாழ்ந்த இடத்திலேயே எடுத்துக்கொண்டார்.

மறந்த சபை

தென் திருவிதாங்கூரின் சபைகள் கல்வியில் வளர்ந்தன. பள்ளிகளும் மருத்துவமனைகளும் எழும்பின. உடுத்தவும் படிக்கவும் உரிமையற்றிருந்த குடும்பங்களிலிருந்து ஆசிரியர்களும் மருத்துவர்களும் போதகர்களும் தோன்றினார்கள். இது நன்றியோடு சொல்லத்தக்க வரலாறு. எனினும் இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. தன்னை மேலிருந்து மிதித்த காலை நினைவில் வைத்தவர்கள் பலர், தங்கள் காலின்கீழ் இருப்பவரைக் காணவில்லை. ஒரே கர்த்தரை ஆராதித்த சபைகளுக்குள் சாதியின் வரிசை தொடர்ந்தது. திருவிதாங்கூரிலும் தமிழகத்திலும் ஆலய இருக்கையிலும் திருமணப் பேச்சிலும் கல்லறைத் தோட்டத்திலும் அந்த வரிசை இடம்பிடித்தது.

அடிமைகளின் சந்ததியில் பிறந்த பொய்கையில் யோகன்னான் (1879–1939) கிறிஸ்தவ சபைகளில் பிரசங்கித்தவர். சபைக்குள்ளும் தம் மக்கள் வேற்றுமையாய் நடத்தப்படுவதைக் கண்டு அவர் வெளியேறி, 1909இல் தனியாக ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். அடிமை முன்னோர்களின் துயரத்தை நினைவுகூருதல் அவருடைய போதனையின் மையமாயிற்று. அவருடைய உபதேசத்தைக் கிறிஸ்தவர்கள் ஏற்காமல் இருக்கலாம். ஆயினும் எகிப்தின் அடிமைத்தனத்தை நினைக்கும்படி கட்டளை பெற்ற சபைக்குள் அந்த மக்களின் கண்ணீரை நினைக்க இடம் கிடைக்கவில்லை என்பது சபைக்கு எதிரான சாட்சியாக நிற்கிறது.

கல்லாறு அடங்கிய நெடுமங்காடு வட்டாரத்துக்கும் இப்படிப்பட்ட ஒரு நினைவு உண்டு. நெடுமங்காடு சந்தையில் ஒடுக்கப்பட்ட மக்கள் மற்றவர்களோடு சமமாக நடமாட முடியாதிருந்த காலத்தில், 1912இல் அய்யன்காளி தம் மக்களோடு அந்தச் சந்தைக்குள் நுழைந்தார், எதிர்ப்பும் தாக்குதலும் நேர்ந்தன, வழி திறந்தது. இன்று அந்த ஊரைக் கடந்து பொன்முடிக்குச் செல்பவர்கள் அந்தப் பகுதியில் நடப்பதற்குக்கூட ஒரு காலத்தில் விலை கொடுக்கப்பட்டது என்பதை அறியாமலே செல்கிறார்கள். உரிமைகள் பழகிப்போகும்போது அவை கொடையாகப் பெறப்பட்டவை என்பது மறைந்துவிடுகிறது. கிருபைக்கும் அவ்விதமே நேர்கிறது.

வழிதவறும் நினைவுகள்

எல்லா நினைவும் தாழ்மையைத் தருவதில்லை. தன் பழைய பாவங்களைச் சுவைபடச் சொல்லி, கேட்பவர்களின் வியப்பைப் பெறும் சாட்சிகள் உண்டு. அங்கே பாவமே மேடையேறுகிறது. இரட்சகர் கடைசி இரண்டு வாக்கியங்களில் மட்டும் வருகிறார். இதற்கு மாறாக, கி.பி. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் தம் வாழ்க்கையை அறிக்கையாக எழுதிய அகஸ்தீன், சிறுவயதில் தோழர்களோடு பேரிக்காய் திருடியதைப் பற்றி நெடுக ஆராய்கிறார். வெளிப்பார்வைக்கு அற்பமான அந்தக் குற்றத்தில், பசியோ தேவையோ இல்லாமல் தீமையைத் தீமைக்காகவே விரும்பிய தன் இருதயத்தை அவர் கண்டார். அந்த நூல் முழுவதும் தேவனை நோக்கிய பேச்சாக அமைந்திருப்பதால், அதில் தற்பெருமை இடம்பெறுவது கடினமாகிறது.

வேறு சிலருக்குக் கடந்தகாலம் ஆறாத புண்ணாக இருக்கிறது. மன்னிக்கப்பட்டதை நம்பாமல், தன்னைத்தானே தண்டித்துக்கொண்டு வாழ்வதும் ஒருவகை மேட்டிமையே. தேவனுடைய தீர்ப்பைவிடத் தன் தீர்ப்பே உயர்ந்தது என்று அது சொல்லாமல் சொல்லுகிறது. யூதாசும் பேதுருவும் அந்த ஒரே இரவில் தாங்கள் செய்ததை நினைத்தார்கள். ஒருவன் தன் குற்றத்தை மட்டும் நினைத்தான். மற்றவன் கர்த்தர் முன்பே சொல்லியிருந்த வார்த்தையையும் நினைவுகூர்ந்து மனங்கசந்து அழுதான் (லூக்கா 22:61–62). பின்னாட்களில் சபையின் தூணாக மதிக்கப்பட்ட அவனுடைய மறுதலிப்பை நான்கு சுவிசேஷங்களும் மறைக்காமல் சொல்லுகின்றன. ஆதிச்சபை தன் தலைவரின் வீழ்ச்சியை வாசித்தே வளர்ந்தது.

இன்னும் சிலர் தங்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியை மட்டும் நினைக்கிறார்கள். அநீதியை மறக்கும்படி பாதிக்கப்பட்டவனுக்குப் போதிப்பது எளிது; ஆனால் வேதம் அப்படிச் செய்யவில்லை. எகிப்தின் செங்கல் சூளையை மறக்கும்படி மோசே சொல்லவில்லை. அந்த நினைவை எந்தப் பக்கம் திருப்பவேண்டும் என்பதையே கற்பித்தான்: நீ அடிமையாயிருந்தாய், ஆகையால் பழிவாங்கு என்று அல்ல, ஆகையால் அந்நியனையும் திக்கற்றவனையும் விதவையையும் ஒடுக்காதே, உன் வயலில் விடுபட்ட கதிரை அவர்களுக்கு விட்டுவிடு என்றே அக்கட்டளை செல்லுகிறது (உபா. 24:17–22). பட்ட பாடு இரக்கமாக மாறுவதற்கே அது நினைக்கப்படுகிறது.

நினைவு கிருபையாகும் இடம்

எகிப்தின் சிறைச்சாலையில் யோசேப்பு, பானபாத்திரக்காரரின் தலைவனிடம் ஒன்றே ஒன்று கேட்டான்: நன்மை வரும்போது என்னை நினைத்துக்கொள். அவன் அரண்மனைக்குத் திரும்பினான், மறந்துபோனான். இரண்டு வருஷங்கள் சென்றன. பார்வோனின் சொப்பனத்தைக் குறித்த கலக்கத்தின் நடுவில் அவன் வாய் திறந்தபோது, முதலில் தன் குற்றத்தையே நினைவுகூர்ந்தான் (ஆதி. 41:9). தன் குற்றமும் தன் சிறைவாசமும் நினைவுக்கு வந்தவுடனே, இன்னும் சிறையில் கிடந்த மற்றொருவனும் நினைவுக்கு வந்தான். ஒரு மனிதன் தன் கடந்தகாலத்தை ஒப்புக்கொண்டது, குற்றமற்ற ஒருவனுடைய விடுதலைக்கும் பஞ்சகாலத்தில் அநேகர் உயிர் பிழைப்பதற்கும் வழியாயிற்று. அவன் மறந்திருந்த இரண்டு ஆண்டுகளை யோசேப்பு சிறையில் கழித்தான். ஒருவனுடைய மறதிக்கு வேறொருவன் விலை கொடுக்கிறான்.

பதினாயிரம் தாலந்து மன்னிக்கப்பட்ட ஊழியக்காரனும் அப்படியே. எஜமானின் சந்நிதியிலிருந்து புறப்பட்டுப்போகையில் தன்னிடம் நூறு வெள்ளிப்பணம் கடன்பட்டவனைக் கண்டு அவன் தொண்டையைப் பிடித்தான் (மத். 18). தான் சற்றுமுன் விழுந்து கெஞ்சிய அதே வார்த்தைகளை மற்றவன் கெஞ்சியபோதும் அவனுக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. மன்னிப்பைப் பெற்றுக்கொண்டு அதை நினையாமல் போனவனுடைய கை, அயலானின் தொண்டையை நோக்கியே நீளும்.

ஆகவே நினைவுக்கும் தாழ்மைக்கும் உள்ள உறவைச் சோதித்தறிய ஒரு வழி உண்டு. ஒருவன் எவ்வளவு கண்ணீரோடு சாட்சி சொன்னான் என்பது போதிய அடையாளமன்று. அவன் ஒரு காலத்தில் நின்ற இடத்தில் இன்று நிற்பவனை எப்படி நடத்துகிறான் என்பதே கேட்கவேண்டியது. வறுமையில் படித்து உயர்ந்தவன் தன் வீட்டில் வேலை செய்யும் பெண்ணின் பிள்ளையை எப்படிப் பார்க்கிறான்? குடியிலிருந்து விடுவிக்கப்பட்டவன் இன்று தெருவோரம் விழுந்து கிடக்கும் குடிகாரனைக் கடந்து எப்படிப் போகிறான்? அவமதிக்கப்பட்ட குலத்திலிருந்து வந்த விசுவாசி, தன்னிலும் தாழ்ந்ததாக ஊரார் எண்ணும் குலத்தாருக்குத் தன் பந்தியில் இடம் கொடுக்கிறானா? மிஷனெரியின் கையால் எழுத்தறிந்த சபை, இன்னும் எழுத்தறியாத மலைவாழ் மக்களிடம் செல்லும்போது உபகாரியாகச் செல்லுகிறதா, கடனாளியாகச் செல்லுகிறதா? தான் எல்லாருக்கும் கடனாளி என்றே பவுல் எழுதினார் (ரோமர் 1:14). கடனாளிக்குத் தலைநிமிர்ந்து பேசும் தொனி வராது.

ஏசாயா தீர்க்கதரிசி, நீதியைப் பின்பற்றும் ஜனத்தைப் பார்த்து, அவர்கள் எந்தப் பாறையிலிருந்து வெட்டப்பட்டார்கள், எந்தக் குழியிலிருந்து தோண்டப்பட்டார்கள் என்பதை நோக்கிப் பார்க்கச் சொன்னார் (ஏசாயா 51:1). பாறையும் குழியும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. உறுதியின் மூலத்தையும் தாழ்வின் மூலத்தையும் சேர்த்தே பார்க்கவேண்டும். குழியை மட்டும் பார்ப்பவன் சோர்ந்துபோவான்; பாறையை மட்டும் பார்ப்பவன் பெருமை கொள்வான்.

கர்த்தர் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் சீஷர்களுக்கு விட்டுச்சென்ற கட்டளையும் நினைவுகூருதலே. அந்தப் பந்தியில் அப்பத்தைப் பெற நீளும் கைகளெல்லாம் வெறுங்கைகள். போதகருடைய கையும், நேற்று ஞானஸ்நானம் பெற்றவருடைய கையும், செல்வருடைய கையும், கூலியாளுடைய கையும் அங்கே ஒரே விதமாக ஏந்தப்படுகின்றன.

கல்லாற்றின் கற்கள்மேல் மழைக்காலந்தோறும் மலைநீர் இறங்கி ஓடுகிறது. கில்காலில் நாட்டப்பட்ட பன்னிரண்டு கற்கள் இன்று எங்கே என்று எவருக்கும் தெரியாது. ஆனால் பிள்ளைகளின் கேள்வி முடிந்துபோகவில்லை. ஒவ்வொரு கிறிஸ்தவ வீட்டிலும் அது கேட்கப்படுகிறது, அல்லது கேட்கப்படாமல் காத்திருக்கிறது. வீட்டின் பரப்பையும் பிள்ளைகளின் வேலையையும் விவரமாகச் சொல்லும் பெற்றோர், தங்கள் முன்னோர் எந்த ஆற்றங்கரையில் வழியறியாது நின்றார்கள், அந்த வழியை யார் திறந்தார் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். அதைக் கேட்டு வளரும் பிள்ளை, இன்னும் அக்கரையில் நிற்பவனை அந்நியனாக எண்ணாது.